மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்த தம்பியை எப்படி நடக்க வைப்பது? ஹெராயின் சிகிச்சையும் உடற்பயிற்சியும்

ஈசூன் அக்கா (மார்ச் 2, இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு இப்போது 43 வயது. இருபது வயதில் ஹெராயினைத் தொட்டவன், இடையில் இரண்டு முறை விட்டான். இரண்டு முறையும் ஓராண்டுக்குள் பழைய இடத்துக்கே திரும்பிப் போனான். இந்த முறை போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளிவந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. என் வீட்டில், என் பிள்ளைகள் படித்த அறையில் தங்கியிருக்கிறான். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் குறித்த நாள்களில் தவறாமல் போகிறான், ஆலோசகரையும் பார்க்கிறான். மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

உடற்பயிற்சி நல்லது என்று ஆலோசகர் சொன்னதும், நான் அவசரப்பட்டு ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் உடம்பை அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்று எழவே இல்லை. மின்தூக்கி பழுதான அன்று நான்காவது மாடிக்குப் படியேறி வந்தவன், வாசலில் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சு வாங்கினான். எனக்குக் கோபம் வந்தது. "உள்ளே இருந்தபோது எல்லாம் செய்தாயே" என்று கேட்டுவிட்டேன். "அங்கே எழுப்பினார்கள், எழுந்தேன். இங்கே எதற்காக எழ வேண்டும், அக்கா?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த நோய்க்கு உடற்பயிற்சி உண்மையிலேயே உதவுமா, அல்லது எல்லா நோய்க்கும் சொல்வதுபோல் இதற்கும் சொல்லிவைக்கிறார்களா? உதவும் என்றால் இப்படிப்பட்ட ஒருவனை எங்கிருந்து தொடங்க வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

இயன்முறைச் சிகிச்சைப் பணியாளர் (மார்ச் 3, காலை 7.15)

அக்கா, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த நான்காவது மாடிதான். ஏழு வாரமாக எதுவும் உபயோகிக்காத 43 வயதுக்காரர் நான்கு மாடி ஏறிப் பத்து நிமிடம் மூச்சு வாங்குவதை உடல் தளர்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் ஹெராயினை ஊசியாகப் போட்டாரா, புகையாக இழுத்தாரா? இங்கே சிங்கப்பூரில் அலுமினியப் படலத் தாளில் சூடாக்கிப் புகையை இழுத்தவர்கள் நிறையப் பேர். அப்படிப் பல ஆண்டு இழுத்தவர்களுக்கு, கூடவே சிகரெட்டும் இருந்தால், நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் மற்றவர்களைவிட மிக இளம் வயதிலேயே வந்துவிடும். ஊசி போட்டவராக இருந்தால் கவலை வேறு: கால் இரத்தக் குழாய்களில் இரத்தக் கட்டி இருக்கலாம், இதய வால்வில் கிருமித் தொற்று வந்து போயிருக்கலாம். ஆகவே உடற்பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் பலதுறை மருந்தகத்துக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். பழைய பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, நுரையீரலைச் சோதிக்கும் ஊதல் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது அந்த வலி. நீண்ட காலம் ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருளில் ஊறிய உடம்பு வலியை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணரும். பொருளை விட்ட பிறகும் அந்த நிலை உடனே மாறுவதில்லை. நமக்கெல்லாம் முதல் நாள் எடை தூக்கினால் மறுநாள் வரும் சாதாரணச் சதை வலி, உங்கள் தம்பிக்கு இருமடங்காகத் தெரிந்திருக்கும். அவன் சோம்பேறித்தனத்தால் சாக்குச் சொன்னதாக நினைக்காதீர்கள். அதோடு, ஹெராயின் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் சுரப்பைக் குறைத்து, தசையையும் எலும்பையும் மெலியச் செய்துவிடும். விட்ட பிறகு அது மெல்ல மீளும், ஆனால் மாதக்கணக்கில் காலம் எடுக்கும். இத்தகைய உடம்பை முதல் நாளே கூடத்துக்குள் அனுப்பியது, காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கு விருந்து வைத்தது போலாகிவிட்டது. உங்கள் நோக்கத்தில் பிழை இல்லை, அளவுதான் தவறிவிட்டது.

செங்காங் வாசகன் (மார்ச் 3, இரவு 9.05)

உதவுமா என்ற கேள்விக்கு நான் படித்தறிந்த அளவில் பதில் சொல்லிப் பார்க்கிறேன். என் அண்ணன் காரணமாக இதையெல்லாம் தேடிப் படித்தேன். அவர் இப்போது உயிருடன் இல்லை.

உடற்பயிற்சி செய்தால் எண்டார்ஃபின் சுரக்கும், அது ஹெராயினின் இடத்தை நிரப்பிவிடும் என்று பலரும் எளிதாகச் சொல்கிறார்கள். இதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2008இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் பத்துப் பேரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மூளையைப் படம் பிடித்தபோது, உடம்பே உண்டாக்கும் அபினி வகை வேதிப்பொருள்கள் மூளையில் வெளிப்பட்டது தெரிந்தது. ஆனால் அவர்கள் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடக்கூடியவர்கள். நான்கு மாடி ஏற முடியாத ஒருவருக்கு அந்த இன்பம் முதல் வாரத்தில் கிடைக்கப்போவதில்லை. கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போனால் ஏமாந்து திரும்புவார். மேலும், அபினி வகைப் பொருள் மூளையில் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்துத் தடுத்த பிறகும் ஓடியவர்களுக்கு அந்த உற்சாகம் வந்ததாகப் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. எனவே எண்டார்ஃபின் கதை சொல்லப்படும் அளவுக்கு நேரானதல்ல.

விலங்குகளிடம் கிடைத்த சான்று இதைவிட உறுதியானது. கூண்டில் ஓடுசக்கரம் உள்ள எலிகள், அது இல்லாத எலிகளைவிடக் குறைவாகவே ஹெராயினை நாடுகின்றன. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நார்வேயில் போதைச் சிகிச்சையில் இருந்தவர்களை வாரம் மூன்று நாள், நான்கு நிமிடம் வேகமாகவும் பிறகு சற்று மெதுவாகவும் மாறி மாறி எட்டு வாரம் பயிற்சி செய்ய வைத்தபோது, அவர்களுடைய இதய நுரையீரல் திறன் தெளிவாக உயர்ந்தது. பொதுவாக, போதைச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் உடற்பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. ஹெராயினுக்குத் திரும்பாமல் தடுக்கிறது என்பதற்கான சான்று அந்த அளவுக்கு வலுவாக இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால், "தினமும் ஓடினேன், ஆனாலும் ஆசை வந்துவிட்டது, ஆகவே நான் தேறமாட்டேன்" என்று ஒருவர் முடிவுகட்டிவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நார்வே, அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் பலர் ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் அல்லது பியூப்ரினார்ஃபின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டே பயிற்சி செய்கிறார்கள். அந்த மருந்து, பொருளை நிறுத்தும்போது வரும் விலகல் வேதனையைத் தாங்கிப் பிடிக்கிறது. இங்கே அந்த வழி இல்லை. 2002இல் சுபுடெக்ஸ் என்ற பெயரில் பியூப்ரினார்ஃபின் வந்தது, தவறாகப் பயன்படுத்தப்பட்டது, 2006 ஆகஸ்ட் 14 முதல் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. மெத்தடோனைத் தொடர்ந்து கொடுக்கும் முறையும் இங்கில்லை. ஆகவே நம் ஊரில் வெளிவருபவர், மருந்தின் துணை இல்லாமல், தூக்கமின்மையையும் வெறுமையையும் தானாகவே கடக்க வேண்டியிருக்கிறது. அயல்நாட்டு ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதும் அதனால்தான்; இங்கே தூக்கத்தையும் மனநிலையையும் கொஞ்சமேனும் நேராக்கும் எதுவும் அங்கே இருப்பதைவிடக் கூடுதல் மதிப்புடையது என்று நான் நினைப்பதும் அதனால்தான்.

எலிக்குச் சக்கரம் கூண்டுக்குள்ளேயே இருக்கிறது, அக்கா. உங்கள் தம்பிக்கு அது உடற்பயிற்சிக்கூடத்தில், பேருந்து ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது.

முருகனடிமை (மார்ச் 4, மாலை 6.30)

ஆய்வுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. என் நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் இதே பழக்கத்தில் இருந்தார். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, சைவ உணவு உண்டு, தரையில் படுத்து, காவடி எடுத்தார். சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில்வரை வெறுங்காலுடன் நடந்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் எதையும் தொடவில்லை. மனத்தில் பக்தியும் உறுதியும் இருந்தால் உடம்பு தானே வழிக்கு வரும். தம்பியைக் கோவிலுக்கு அழைத்து வாருங்கள், அக்கா. நாங்கள் துணையிருக்கிறோம்.

மீண்டும் நடப்பவன் (மார்ச் 4, இரவு 11.50)

ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்துக்காக நன்றி சொல்கிறேன். விரதத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், நானும் இருந்திருக்கிறேன். 48 நாளும் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எதை உண்ண வேண்டும், யாரோடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்ததால் எனக்கும் அந்த நாள்கள் நன்றாகவே கழிந்தன. காவடியை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, எழுந்திருக்க ஒரு காரணம்கூட இல்லாமல் கட்டிலில் கிடந்தேன். மூன்றாம் வாரம் விழுந்தேன். உங்கள் நண்பருக்கு ஓராண்டு தாங்கியது என்றால், விரதம் முடிந்த பிறகும் அவரை யாரோ காலையில் அழைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, "இங்கே எதற்காக எழ வேண்டும்" என்று உங்கள் தம்பி கேட்டது குதர்க்கமாகக் கேட்டதல்ல. அதை நானும் கேட்டவன். நான் உபயோகத்தை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் 2005இல் சுபுடெக்ஸைக் கரைத்து, தூக்க மாத்திரையோடு சேர்த்து ஊசியாகப் போட்டவர்களில் நானும் ஒருவன். வலது கையில் இரத்த ஓட்டம் நின்று இரண்டு விரல் நுனிகளை இழந்தேன். ஆகவே எடை தூக்கும் கம்பியை என்னால் சரியாகப் பிடிக்க முடியாது. நடப்பது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது.

பழக்கத்தில் இருந்தவனுடைய நாள் சும்மா இருக்கும் நாளல்ல என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. காலையில் எழுந்தவுடன் பணம், பிறகு ஆள், பிறகு இடம், பிறகு மறைவு என்று ஒவ்வொரு மணி நேரமும் ஒரு வேலை இருந்தது. ஒருவேளைகூடத் தவறவிட முடியாத வேலை அது. அதை எடுத்துவிட்டால் பதினாறு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. மறுவாழ்வு நிலையத்தில் அந்த நேரத்தை மணியடித்து நிரப்பினார்கள். வெளியே வந்ததும் மணி நின்றுவிட்டது. எனக்கு அதை மறுபடியும் தொடங்கிவைத்தவர் ஹாஃப்வே இல்லத்தில் (வெளிவந்தவர்கள் சிறிது காலம் தங்கும் இடம்) என்னுடன் இருந்த ஒரு மலாய்க்கார அண்ணன். தினமும் காலை ஏழேகால் மணிக்கு என் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். மேலே வந்து கதவைத் தட்டமாட்டார், தொலைபேசியிலும் அழைக்கமாட்டார். கீழே ஒருவர் எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது என்னைப் படுக்கவிடாது. முதல் மாதம் நாங்கள் நடந்தது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

இன்னொன்று, இது முக்கியமானது. எந்த வழியாக நடக்கிறான் என்று பாருங்கள். என் புளோக்கிலிருந்து பூங்காவுக்குப் போகும் குறுக்கு வழி நான் முன்பு பொருள் வாங்கிய காப்பிக்கடையைத் தாண்டிப் போகும். ஒருநாள் அந்த வழியில் நடந்தபோது, யாரையும் பார்க்கவில்லை, யாரும் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் அந்தப் படிக்கட்டைக் கண்டவுடன் வயிறு புரண்டு, வாய் ஊறி, மூக்கில் நீர் வந்துவிட்டது. எட்டு மாதமாக எதையும் தொடாத உடம்பு அது. அன்று முதல் இரண்டு நிறுத்தம் பேருந்தில் போய், தெரிந்தவர் யாருமில்லாத பூங்கா இணைப்புப் பாதையில் இறங்கி நடந்தோம். நடப்பது நல்லது என்று சொல்பவர்கள் எங்கே நடப்பது என்பதைச் சொல்வதில்லை.

ஈசூன் அக்கா (மார்ச் 5, காலை 6.20)

இரவு முழுவதும் இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடற்பயிற்சிக்கூடம் இருக்கும் கட்டடத்தின் கீழேதான் அவன் பழைய நண்பர்கள் கூடும் கடை இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே அனுப்பினேன். அவனும் சொல்லவில்லை.

அவன் புகையாகத்தான் இழுத்தான். இருபதாண்டுக்கும் மேல். மருந்தகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டேன்.

உட்லண்ட்ஸ் தாய் (மார்ச் 5, பிற்பகல் 2.10)

மகள் போல எண்ணி ஒரு விஷயம் சொல்கிறேன். என் மகன் வெளிவந்த ஐந்தாம் மாதம் வட்டாரத்துப் பையன்களோடு காற்பந்து விளையாடப் போனான். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஒரு சனிக்கிழமை கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. அருகில் இருந்த ஒரு மருந்தகத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பழைய கதையைச் சொன்னால் மருத்துவர் வேறு மாதிரிப் பார்ப்பாரோ என்று அஞ்சி நான் வாயைத் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. வலிக்கு டிராமடோல் கொடுத்தார்கள். அது எந்த இனத்து மருந்து என்று எனக்குத் தெரியாது. ஐந்து நாளுக்குக் கொடுத்த மாத்திரையை இரண்டே நாளில் விழுங்கினான். அதன் பிறகு நடந்ததை எழுத என்னால் முடியவில்லை. அவன் இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் அந்த இரண்டு நாளுக்கு நாங்கள் ஒன்றரை ஆண்டு விலை கொடுத்தோம். விளையாட்டில் அடிபடத்தான் செய்யும். அடிபட்டால் என்ன செய்வது என்று அடிபடுவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அம்மா.

இயன்முறைச் சிகிச்சைப் பணியாளர் (மார்ச் 5, இரவு 8.45)

அம்மா எழுதியதை ஒவ்வொரு குடும்பமும் படிக்க வேண்டும். டிராமடோலும் கோடீனும் அபினி வகையைச் சேர்ந்தவை. சில இருமல் மருந்துகளிலும் கோடீன் உண்டு. தசைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் பெரும்பாலும் பனிக்கட்டி ஒத்தடம், ஓய்வு, பாரசிட்டமோல் போன்றவையே போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடம் "எனக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது, அபினி வகை மருந்து வேண்டாம்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்ல நா எழாதவர்கள் அதை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் நீட்டிவிடலாம். என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். அபினி வகையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் அதையும் அதே தாளில் எழுத வேண்டும், ஏனென்றால் விபத்து நேர்ந்தால் கொடுக்கும் அபினி வகை வலிமருந்து அவர்களிடம் வழக்கம்போல் வேலை செய்யாது. எல்லாவற்றையும்விட முக்கியம்: நீண்ட நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அளவையே மறுபடி எடுத்தவர்கள் மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள். உடம்பு தேறி வலுவாகத் தெரிகிறது என்பதால் இந்த ஆபத்துக் குறைந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள், அக்கா. ஆரோக்கியமான பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை இயக்கவும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்யவும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அதை இப்போதைக்குச் சுவரில் ஒட்டாதீர்கள். பன்னிரண்டு நிமிடம் என்று 'மீண்டும் நடப்பவன்' சொன்னாரே, அதுவே சரியான தொடக்கம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கான அளவுகோல். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதை எட்டு முறை செய்யட்டும். தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் எந்தக் கருவியிலும் பார்த்ததில்லை. புளோக்கின் அடியில் இருக்கும் உடற்பயிற்சி மூலையே போதும். வெயில் ஏறுவதற்கு முன் வெளியே போனால் புழுக்கத்தையும் தவிர்க்கலாம். காலை வெளிச்சம் கண்ணில் படுவது இரவுத் தூக்கத்தை நேராக்கவும் உதவும். தூக்கம் வரவில்லை என்பதற்காக நள்ளிரவில் தண்டால் எடுப்பவர்கள் உண்டு. அது தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடும்.

விலகல் தொடங்கிய முதல் வாரத்தில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும் நாள்களில் ஓட வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும். அறைக்குள் மெதுவாக நடப்பதும் காலை நீட்டி மடக்குவதும் போதும். அந்தக் கால் உளைச்சலுக்கு அதுவே கொஞ்சம் இதமாக இருக்கும்.

தெம்பனிஸ்காரர் (மார்ச் 6, காலை 9.00)

ஒரு ஐயம். என் நண்பர் ஹெராயினை விட்டுவிட்டு இப்போது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் எடை தூக்குகிறார். ஒருநாள் போக முடியாவிட்டால் எரிந்து விழுகிறார். இது ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போனதாகாதா?

செங்காங் வாசகன் (மார்ச் 6, இரவு 7.40)

அப்படியும் நடக்கலாம். நீண்ட நாள் சக்கரத்தில் ஓடப் பழகிய எலிக்கு அபினி வகையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், அதற்கு விலகல் அறிகுறிபோல் ஒன்று வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் நண்பருடைய மூன்று மணி நேரத்தை ஹெராயினோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அடிபட்டும் நிறுத்தாமல் தூக்குகிறாரா, தசை பெருக்கும் ஊசிக்குப் போகிறாரா, வேலையையும் குடும்பத்தையும் விடுகிறாரா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவருடைய ஆலோசகரிடம் பேசச் சொல்லுங்கள்.

மீண்டும் நடப்பவன் (மார்ச் 6, இரவு 11.15)

எனக்கு அந்தக் கட்டம் வந்துபோனது. இரண்டாம் ஆண்டில், சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு ஆதரவாக நடக்கும் மஞ்சள் நாடா சிறை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்து, வெறியோடு பயிற்சி செய்து, முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். அந்த ஓட்டம் 2009இல் தொடங்கியது. சாங்கிச் சிறை வளாகத்தை நோக்கி ஓடுவார்கள். எந்த வாயில் வழியாக என்னை வண்டியில் கொண்டுபோனார்களோ, அதை நோக்கி நானே என் காலால் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடைசியில் ஓட முடியாமல் நடந்துதான் முடித்தேன். எல்லைக்கோட்டில் நின்றிருந்த என் தங்கை, நான் எவ்வளவு நேரத்தில் வந்தேன் என்று கேட்கவில்லை, தண்ணீர் போத்தலை நீட்டினாள். அதன் பிறகு நேரத்தைக் குறித்துக்கொள்வதை நானும் விட்டுவிட்டேன்.

ஈசூன் அக்கா (மார்ச் 29, இரவு 9.30)

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பலதுறை மருந்தகத்தில் தம்பியே வாயைத் திறந்து, எத்தனை ஆண்டு எப்படி இழுத்தான் என்று மருத்துவரிடம் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூச்சுக்குழாய் குறுகியிருப்பது உறுதியானது. இழுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், சிகரெட்டைக் குறைக்கவும் ஒரு தாதி உதவுகிறார். நான் இத்தனை நாள் சோம்பல் என்று திட்டியது ஒரு நோயை என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள், அக்கா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உடற்பயிற்சிக்கூடத்தின் எஞ்சிய கட்டணத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. அதை விட்டுவிட்டேன். இப்போது காலை ஏழரைக்கு நானும் அவனும் ஈசூன் குளத்துப் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். பன்னிரண்டு நிமிடத்தில் தொடங்கி இப்போது இருபத்தைந்தில் நிற்கிறோம். என் முட்டியும் அதற்கு மேல் இடங்கொடுக்காது. முதல் வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரண்டாம் வாரம் குளத்தில் நிற்கும் நாரையைக் காட்டி, சின்ன வயதில் அப்பா எங்களைத் தூண்டில் போட அழைத்துப் போன கதையைச் சொன்னான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. நான்கு நாள் வரவில்லை, நடுவில். நான் எழுப்பவில்லை, தனியாக நடந்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் காலணியைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றிருந்தான். இரவில் நான்கு மணி நேரம் தூங்கியவன் இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறான். ஆசை வருகிறதா என்று கேட்டேன். தினமும் வருகிறது என்றான். மறைக்காமல் சொன்னானே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது ஒரு சிக்கல். அடுத்த திங்கள் முதல் எனக்குக் காலைப் பணிமுறை. வாரத்தில் ஐந்து நாள் அவனோடு நடக்க என்னால் முடியாது. அவன் தனியாகப் போவதாகச் சொல்கிறான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

முருகனடிமை (மார்ச் 29, இரவு 10.05)

அக்கா, நான் ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோவிலுக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலையில் நடந்தே போகிறேன். வயது 66, மெதுவாகத்தான் நடப்பேன். தம்பிக்கு விருப்பம் இருந்தால் என்னோடு வரட்டும். கோவிலுக்குள் வர வேண்டிய கட்டாயம் இல்லை, வாசல்வரை வந்தால் போதும்.

மீண்டும் நடப்பவன் (மார்ச் 29, இரவு 11.30)

திங்கள், புதன், வியாழன் எனக்குப் பிற்பகல் வேலை. நான் காத்திப்பில் இருக்கிறேன். குளத்துப் பூங்கா எனக்கு ஒரு நிறுத்தம். உங்கள் புளோக் எண்ணை இங்கே எழுத வேண்டாம், அக்கா, தனிச்செய்தியில் அனுப்புங்கள். தம்பியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள். ஏழேகாலுக்கு வந்து கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பேன். மேலே வரமாட்டேன்.

ஈசூன் அக்கா (மார்ச் 30, காலை 8.20)

கேட்டேன். "அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். எண்ணை அனுப்பச் சொல்லிவிட்டான். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், தம்பி.